கிழமைக்கு ஒரு அங்கம்

கதையின் முடிவை முன்கூட்டிச் சொல்லிவிட்டவரோடு அக்கா ஒரு மாதம் கதைக்கமாட்டார். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தை நானே அனுபவித்திருக்கிறேன். ஆங்கிலத் துப்பறியும் தொடர் ஒன்றில் கொலைகாரி, தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் கிழவிதான் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா தொலைக்காட்சியை நிறுத்தினார். என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டார். வாசல் கேற் இருக்கும் திசையைக் காட்டினார். கோப்பையில் பாதித் தேத்தண்ணி மிச்சம் இருந்தது.

கூடப் பிறந்தவர் அல்ல, நான் அக்கா என்று கூப்பிடுபவர். அவருக்கு அப்போது அறுபது நெருங்கியிருக்கும். நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கலியாணம் கட்டவில்லை. கொக்குவில் ஸ்ரேசனுக்குக் கிட்ட, அவருடைய அண்ணன் குடும்பம் இருந்த வளவிலேயே பின்பக்கமாக இரண்டு அறையும் ஒரு குசினியும் அவருக்கென்று இருந்தன. பரம்பரையாக மெதடிஸ்த சபைக்காரர். நான் அதே தெருவில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன், சைவக்காரன், வயதில் இருபது வருடம் இளையவன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் இருத்தி வைத்தது இங்கிலாந்துக்காரரின் தொலைக்காட்சி, அதிலும் விண்வெளிக் கதை.

முதல் தடவை அவர் கடைக்கு வந்தது, இறுவட்டு உள்ளே சிக்கிக்கொண்ட ஒரு மடிக்கணினியோடு. சபைப் பாட்டாக இருக்கும், அல்லது லண்டனில் யாருடையதோ கலியாண வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இழுத்தெடுத்தேன். வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்தால், திரையில் ஒரு விண்வெளிக் கப்பல். உள்ளே மூன்று பேர் ஒரு கடிதத்தைச் சுற்றி நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்த மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நடுவில இருந்து பாக்கிறது களவு" என்று சொல்லி அக்கா மூடியை இறக்கினார். "விருப்பமெண்டால் சனிக்கிழமை ஆறரைக்கு வாரும். முதலாம் பகுதியிலையிருந்து போடுறன்."

போனேன். ஒன்பது வருடம் போனேன்.

அந்தத் தொடருக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் உண்டு. நாங்கள் அதைத் தபால் கப்பல் என்றே சொன்னோம். தூரக் கிரகங்களில் குடியேறியவர்களுக்குப் பூமியிலிருந்து கடிதம் கொண்டுபோகும் கப்பல் அது. கடிதம் போய்ச் சேரும்போது எழுதியவர் பெரும்பாலும் செத்திருப்பார். கடைசித் தட்டில், கப்பலின் கப்டனாகிய பெண்ணின் பெயருக்கே ஒரு கடிதம் இருக்கும். சேரவேண்டிய இடம் வருமட்டும் எந்தக் கடிதத்தையும் திறக்கக்கூடாது என்பது கப்பலின் சட்டம். இதை வைத்துக்கொண்டே முப்பது வருடம் ஓட்டினார்கள். நடிகைகள் மாறினார்கள், கப்டன் மாறவில்லை. அக்காவின் தங்கச்சி லண்டனில் இருந்தார். ஒவ்வொரு தொகுதியும் அங்கே முடிந்த பிறகு யாராவது ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புவார். அதனால் அக்கா எப்போதும் ஒரு வருடம் பிந்தித்தான் இருந்தார். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

கிழமைக்கு ஒரு அங்கம். சனிக்கிழமை ஆறரை மணிக்கு. அங்கே அப்படித்தான் போட்டார்களாம், இங்கேயும் அப்படித்தான். பன்னிரண்டு அங்கமும் கையில் இருந்தாலும் இரண்டாவதைத் தொடமாட்டார். "ஒரு கிழமை யோசிக்க விடவேணும். எழுதினவன் அதுக்குத்தான் அந்த இடத்தில நிப்பாட்டினவன்" என்பார். புரட்டாதிச் சனிக்கு நான் கோயிலில் எள் எரித்துவிட்டு வரப் பிந்திவிடும். அதுவரை பொத்தானை அழுத்தாமல் காத்திருப்பார். "வானத்தில நிக்கிற சனிக் கிரகத்துக்கு இஞ்சையிருந்து எள்ளெண்ணெய்ப் புகை அனுப்புறீர். பிறகு நான் விண்வெளிக் கதை பாக்கிறன் எண்டு சனம் சிரிக்குது" என்று ஒருமுறை சொன்னார்.

அமெரிக்கத் தொடர்கள் அவருக்கு ஆகாது. "அவங்களிட்டைக் காசு கிடக்கு. ஆபத்தெண்டால் உடனே துவக்கைத் தூக்குவினம். இங்கிலாந்துக்காரர் அட்டையில சுவர் கட்டி, ஒரே கதவை மூண்டு கதவாக் காட்டி, உலகம் அழியிற நேரத்தில தேத்தண்ணி போடுகினம். எனக்கு அதுதான் வேணும்."

அட்டைச் சுவர் என்பதை அவர் சும்மா சொல்லவில்லை. தபால் கப்பலின் முழு வரைபடத்தையும் கீறி வைத்திருந்தார். ஆட்கள் ஓடும் நடைபாதைகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அடி எண்ணி, படம் வரையும் ஊடுதாளில் கறுப்பு மையால் கீறியது. காணி அளப்பவர்களின் அதே எழுத்து, அதே வடதிசை அம்புக்குறி. விண்வெளியில் வடக்கு எது என்று கேட்டேன். கப்டனின் கதிரை பார்க்கும் பக்கம் வடக்கு என்றார். அந்தக் கணக்கின்படி இயந்திர அறையும் சாப்பாட்டு அறையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. "மலசலகூடம் ஒரு இடத்திலையும் இல்லை. முப்பது வருசமா இந்தச் சனம் அடக்கிக்கொண்டு திரியுது" என்று சிரிக்காமலே சொன்னார்.

கதையை விட நடிப்பில்தான் அவருக்குக் கண். அட்டைச் சுவரை மன்னிப்பார், அட்டை நடிப்பை மன்னிக்கமாட்டார். இங்கிலாந்து அரச குடும்பத்துக் கலியாணம் ஒன்றை நாங்கள் சேர்ந்து பார்த்தபோது, "உடுப்பு நல்லம். மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு ஒத்திகை குடுத்திருக்கலாம்" என்றார். கேக் சுடும் போட்டியில் தோற்றவர்கள் அழும்போது எது மெய்யான கண்ணீர், எது கமராவுக்கு வந்தது என்று பிரித்துச் சொல்லுவார். நீள முடி வைத்த பழைய பாட்டுக் குழுக்களில் பின்னால் நின்று மேளம் அடிப்பவனை மட்டும் பார்க்கச் சொல்லுவார். அவன் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறானாம், அதனால் அவன் நடிப்பதில்லையாம். சபைப் போதகரின் பிரசங்கம்கூடத் தப்பாது. "ரெண்டாவது உவமையோடை முடிச்சிருக்கலாம்" என்பார்.

ஒரேயொரு வகைக் கதையை மட்டும் அவர் வெறுத்தார். காலத்தைத் திருப்பி, நடந்ததை நடக்காததாக்கும் கதை. அப்படி ஒன்று வந்தால் அவருடைய கழுத்து சிவந்துவிடும். "மையில கீறின கோட்டைச் சுரண்டினால் தாள்தான் கிழியும்" என்பார். அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்.

முடிவு தெரியக்கூடாது என்ற இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய அண்ணன்தான் எனக்குச் சொன்னார். மெல்லிய, பயந்த மனிதர். பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் இருந்த அந்த வருடங்களில் தபால் கப்பலைப் பார்க்க வழியில்லை. தங்கச்சி பாவப்பட்டு, ஒவ்வொரு அங்கத்தின் கதையையும் கடிதத்தில் எழுதி அனுப்பத் தொடங்கினார். கடிதம் கப்பலில் மாதக்கணக்கில் கிடந்து வந்து சேரும். அக்கா அதைத் திறக்கமாட்டார். அண்ணனிடம் கொடுத்துவிடுவார். அண்ணன் முதலில் வாசித்து, கதை வரும் வரிகளையெல்லாம் மையால் அடித்துக் கறுப்பாக்கி, குடும்பச் செய்தியை மட்டும் விட்டு அக்காவிடம் கொடுப்பார்.

"ஆறு வருசம் அந்த வேலை பாத்தனான் தம்பி. ஆமிக்காரன்கூடக் கடிதத்தை அப்பிடி வெட்டியிருக்கமாட்டான்" என்றார் அண்ணை. சொல்லும்போது அவருக்குப் பெருமைதான். எனக்கும் கேட்க நன்றாக இருந்தது. அந்தப் பழக்கம் என்ன செய்யப்போகிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

பிறகு அக்காவுக்கு வயிற்று நோவு வந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு என் வாகனத்தில்தான் போய் வந்தோம். பரிசோதனை முடிந்து ஒரு கிழமை கழித்து அண்ணை தனியே போய் டொக்ரரைக் கண்டார். அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே என் கடைக்கு வந்தார். கடையில் நின்ற ஆட்கள் போகுமட்டும் ஒரு மூலையில் நின்றுவிட்டு, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"புற்றுநோயாம், பரவியிட்டுதாம். செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையாம். ஒரு மாதம், கூடினால் ரெண்டாம்."

நான் அவரைக் கதிரையில் இருத்தினேன்.

"அவளுக்குச் சொல்லுறதோ, விடுறதோ? உமக்குத்தான் அவளின்ரை மனசு தெரியும். நீர் சொல்லும், நான் அப்பிடிச் செய்யிறன்."

எங்கள் ஊரில் இப்படியான செய்தியை நோயாளியிடமிருந்து மறைப்பது வழக்கம்தான். ஆனால் அன்று அண்ணை வழக்கத்தைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"முடிவை முன்கூட்டிச் சொன்னால் அவவுக்குப் பிடிக்காது அண்ணை" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன், ஆளை நன்றாக விளங்கிக்கொண்டவன் என்ற பெருமை. அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அண்ணைக்கும் அது பாரம் இறங்கியது போல இருந்தது. எழுந்து போனார். அல்சர், மருந்துக்கு மாறிவிடும் என்று அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டார். லண்டனில் இருந்த தங்கச்சிக்கு மெய்யை அறிவித்து, அவரையும் அக்காவிடம் அதையே சொல்லச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் தபால் கப்பலின் கடைசித் தொகுதி வந்திருந்தது. பன்னிரண்டு அங்கங்கள், அதோடு தொடர் முடிகிறது. அக்காவின் கணினியில் இறுவட்டு ஓடுவதில்லை என்பதால் நான்தான் பிரதி எடுத்துக் கொடுக்கவேண்டும். எடுக்கிற சாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்துவிட்டேன். அது எங்கள் ஒப்பந்தத்துக்கு மாறு. எனக்கு முடிவு தெரியும். அக்கா அப்போது மூன்று அங்கம் பார்த்திருந்தார். மிச்சம் ஒன்பது. ஒன்பது சனிக்கிழமை. டொக்ரர் சொன்ன கணக்கில் அவ்வளவு சனிக்கிழமைகள் இல்லை.

முதலில் நான் அவரை அவசரப்படுத்தவில்லை. நான்கு சனிக்கிழமை போயின. அவற்றில் இரண்டில் அவரால் எழுந்து இருக்க முடியவில்லை. நோவு நின்ற நாளில் பார்க்கச் சொன்னால், இன்று செவ்வாய்க்கிழமை என்பார். ஐந்தாவது அங்கத்தோடு நின்றது. எனக்குப் பதற்றம் பிடித்தது. முப்பது வருடம் ஒரு கதையோடு வந்தவர், கடைசிக் கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் போய்விடுவாரே என்ற பதற்றம். அதனால் அந்தக் கிழமை ஒரு நாள், வருகிற சனிக்கிழமை மின்வெட்டு என்றேன். அடுத்த நாள், நான் கொழும்புக்குப் போகவேண்டி வரும் என்றேன். மூன்றாம் நாள், அந்தக் கணினியின் வன்தட்டு பழுதாகிறது, உள்ளதைக் கெதியாகப் பார்த்து முடிக்கவேணும் என்றேன்.

அக்கா தலையணையை நிமிர்த்தி வைத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். திரையில் யாராவது சொதப்பும்போது பார்க்கிற பார்வை.

"ஒரு ஆள் மூண்டு காரணம் சொன்னால், நாலாவதை ஒளிக்குது எண்டு அர்த்தம். எழுதத் தெரியாதவன்தான் உப்பிடி எழுதுவான்" என்றார். "எனக்கு வயித்தில என்ன வருத்தம் தம்பி?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அல்சர் இல்லை, என்ன?"

"இல்லை அக்கா."

சொன்னேன். டொக்ரர் சொன்னதை ஒன்றும் விடாமல், அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். யன்னலுக்கு வெளியே அண்ணையின் மனைவி உடுப்புக் காயப்போடும் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்ப தெரியும்?"

"ஒரு மாதத்துக்கு முதல்."

"ஆர் சொல்ல வேண்டாமெண்டது? அண்ணையோ?"

அண்ணையின் தலையில் போட்டுவிட்டுத் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான். முடிவைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காதெண்டு நான்தான் சொன்னனான்."

அக்கா கோபப்படுவார், கேற்றைக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுதான் எனக்கு இன்னும் தாங்க ஏலாமல் இருக்கிறது.

"அது மற்ற ஆக்கள் எழுதின கதைக்கு, தம்பி. அதில எனக்குச் செய்ய ஒண்டும் இல்லை, இருந்து பாக்கிறதுதான். இது என்ரை. முடிவு தெரிஞ்சால்தானே நடுவில என்ன செய்யிறதெண்டு நான் யோசிக்கலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "போன மாதம் என்னால ஓட்டோவில ஏற ஏலுமாயிருந்தது. இஞ்சை கிட்ட இருக்கிற கொழும்புத்துறைக் கரைக்குப் போயிருப்பன். கந்தோரில நான் முதல் முதல் கீறினது அந்தக் கரையைத்தான். தாளில மட்டும்தான் பாத்திருக்கிறன். வேலைக்குப் போக, பிறகு சண்டை, பிறகு பாப்பம் பாப்பம் எண்டு போட்டுது."

"இப்ப கூட்டிக்கொண்டு போறன் அக்கா. வாகனத்தில படுக்க வைச்சு..."

"இப்ப போனால் நான் கடலைப் பாக்கமாட்டன். நோவைத்தான் பாப்பன்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அழுது முடியுமட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்று என்ன கிழமை என்று கேட்டார். வியாழன் என்றேன்.

"ஆறாவதைப் போடும்" என்றார்.

தனக்குத் தெரியும் என்பதை யாருக்கும் சொல்லவேண்டாம் என்றார். அதற்குக் காரணம் சொல்லவில்லை. அண்ணை ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு வருவார். நான் பலமுறை கூட இருந்திருக்கிறேன். யன்னலைப் பார்த்துக்கொண்டு, "இண்டைக்கு முகம் நல்ல தெளிவு. மருந்து பிடிக்குது. தைப்பொங்கலுக்குத் தங்கச்சி வாறாளாம், நீ எழும்பி நடக்கிறதைப் பாக்கப்போறாள்" என்பார். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே வசனம். அக்கா "ஓம் அண்ணை, நேற்றையை விடச் சுகம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி தொலைபேசியில் சிரித்துச் சிரித்துக் கதைப்பார். அதற்கும் அக்கா சிரித்துக் கதைப்பார்.

போதகர் வந்து கட்டிலருகே வேதம் வாசிக்கத் தொடங்கினார். உலக முடிவைச் சொல்லும் கடைசிப் புத்தகத்துக்குப் போனபோது அக்கா கையை உயர்த்தினார். "உது வேண்டாம் ஐயா. நடுவில எங்கையும் வாசியுங்கோ. அங்காலை என்னெண்டதை நான் போய்ப் பாக்கிறன்" என்றார். போதகர் நல்ல மனிதர், நடுவில் வாசித்தார்.

நாளுக்கு ஒன்று, சில நாள் அரை, என்று பத்தாவது அங்கம்வரை வந்தோம். பதினோராவது தொடங்கிச் சில நிமிடத்தில், நிறுத்தச் சொன்னார். கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. ஆங்கிலம் காதில் ஏறவில்லை என்றார்.

"நீர் முழுக்கப் பாத்திட்டீர் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். முகத்தில எழுதிக் கிடந்தது" என்றார். "சொல்லும். எப்பிடி முடியுது?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்தத் தொடரை முடித்தவர்கள் மகா கேவலமாக முடித்திருந்தார்கள். கப்டன் கடைசிக் கிரகத்துக்கு வருகிறாள். அங்கே ஏதோ ஒரு சுழல். காலம் பின்னோக்கி ஓடுகிறது. கப்பல் புறப்பட்ட நாளுக்கே எல்லாரும் திரும்பிப் போகிறார்கள். செத்தவர்கள் எல்லாம் உயிரோடு நிற்கிறார்கள். கப்பல் புறப்படவே இல்லை. முப்பது வருடமும் நடக்கவில்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது. நான் வேறொன்றைக் கட்டினேன். கப்டன் கடைசிக் கிரகத்தில் இறங்குகிறாள், அங்கே யாரும் இல்லை, தன் பெயருக்கு வந்த கடிதத்தைத் திறக்கிறாள். அது அவளுக்கு முன் அந்தக் கப்பலில் இருந்த கப்டன் எழுதியது. நலம், உங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்குகிறது. இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்லுகிறது. அவள் வாசித்துவிட்டு, தனக்குப் பின் வருபவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கடைசித் தட்டில் வைக்கிறாள், கப்பல் மேலே போகிறது. சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப்போயிற்று.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உது நீர் எழுதினது" என்றார். "வெள்ளைக்காரன் கடிதத்தை நலமறிய ஆவலெண்டு தொடங்கமாட்டான். இனியும் எனக்குப் பொய் சொல்லாதையும் தம்பி."

மெய்யைச் சொன்னேன். அந்த உடம்பில் மிச்சம் இருந்த இரத்தம் கழுத்துக்கு ஏறியதைக் கண்டேன்.

"திருப்பிப்போட்டாங்களோ."

"ஓம் அக்கா."

"அப்ப அந்தக் கடிதம்?"

"அவ வாசிக்கேல்லை. வாசிக்காமலே எறிஞ்சுபோட்டு வீட்டை போறா."

"மடையங்கள்" என்றார். பிறகு நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். அப்போது கண் திறக்காமல் சொன்னார்: "உம்மடை முடிவு பரவாயில்லை. முதல் வசனத்தை மட்டும் மாத்தும்."

அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தார். ஐந்தாம் நாள் விடிய, அண்ணை பக்கத்தில் இருக்கும்போது போனார்.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமை கழித்து அண்ணை கூப்பிட்டு அனுப்பினார். அக்காவின் அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கீறும் பேனைகள், இறுவட்டுப் பெட்டிகள் எல்லாம் கட்டில்மேல் கிடந்தன. தேவையானதை எடுக்கச் சொன்னார். பிறகு வழக்கம்போல யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடைசி மட்டும் ஒண்டும் தெரியாமல் போனாள். எனக்கு அந்த ஒரு ஆறுதல்தான் தம்பி. நல்ல வேளை, நீர் அண்டைக்குச் சொன்னீர்."

ஓம் அண்ணை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இன்னொருவரால் எதைத் தாங்கமுடியும் என்று நான் ஒருமுறை தீர்மானித்தது போதும் என்று பட்டது.

"அவவுக்குத் தெரியும் அண்ணை. நான் சொன்னனான். கடைசி ரெண்டு கிழமையும் தெரியும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் ஒவ்வொரு நாளும் வந்து சொன்னதெல்லாம்?"

"கேட்டுக்கொண்டுதான் இருந்தவ. எட்டரைக்கெல்லாம் முகம் துடைச்சு விடச்சொல்லிப் பவுடர் போட்டுக்கொள்ளுவா. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுவா. நீங்கள் வாறதுக்கு முதல் நோவு மருந்தைக் கேட்டு வாங்கிக் குடிப்பா."

"அவளும் நடிச்சவளோ?"

"ஓம் அண்ணை."

"எனக்குத் தெரியேல்லையே."

"அவ நல்லா நடிச்சவ அண்ணை."

அண்ணை இறுவட்டுப் பெட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தார். என்மேல் கோபிக்கவில்லை. தங்கை படுத்திருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே, "ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம் தம்பி" என்றார்.